விருப்ப நன்கொடைக்கு நிலுவை எப்படி வரும்?

கேள்வி: என் பிள்ளைகள் இருவரும் அரசு நிதியில் நடக்கும் பள்ளியில் படிக்கிறார்கள். மகள் ஏழாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் கல்வியாண்டு தொடங்கும்போதெல்லாம் ‘பெற்றோர் விருப்ப நன்கொடை’ என்று ஒரு தாள் வீட்டுக்கு வரும். பிள்ளைக்கு இவ்வளவு என்று தொகையும் கடைசித் தேதியும் அச்சிட்டே வரும். இதுவரை தவறாமல் கட்டிவந்தோம். இந்த ஆண்டு கணவருக்கு வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள், இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கட்டுவது சிரமம். தேதி தாண்டியதும் ‘நிலுவை’ என்று நினைவூட்டல் வந்தது. போன வாரம் வகுப்பு வாட்ஸாப் குழுவில், கட்டியவர்களின் பெயருக்கு நேரே டிக் போட்ட பட்டியலை ஒரு பெற்றோர் பகிர்ந்தார். மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் மகளிடம் “வீட்டில் இன்னும் தரவில்லையா?” என்று கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து “எப்படியாவது கட்டிடுங்கம்மா” என்கிறாள். கடன் வாங்கியாவது கட்டிவிடலாம், இல்லாவிட்டால் பிள்ளைகளை ஒதுக்கிவிடுவார்கள் என்கிறார் கணவர். பள்ளிக்குப் பணம் தேவை என்பதும் எனக்குத் தெரியும். நல்ல ஆசிரியர்கள். கட்டாமல் இருக்கலாமா? கொஞ்சம் மட்டும் கொடுக்கலாமா? யாரிடம், எப்படிச் சொல்வது?
– பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடன் வாங்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு. நன்கொடை கொடுப்பதற்காக வட்டிக்குப் பணம் வாங்க வேண்டிய நிலைக்கு ஒரு குடும்பத்தைப் பள்ளி தள்ளியிருக்கிறது என்றால், தவறு அந்தக் குடும்பத்தின் மீது இல்லை. உங்கள் கணவரின் பயம் எனக்குப் புரிகிறது. பிள்ளைகளுக்கு ஒன்று என்றால் எந்தத் தகப்பனும் அப்படித்தான் யோசிப்பார். இந்தப் பதிலை அவரும் படிக்கட்டும்.

பள்ளிகளின் வரவு செலவைத் தணிக்கை செய்வது என் தொழில். அதனால் இந்த விஷயத்தை நான் எப்போதும் கணக்குப் புத்தகத்தின் பக்கத்திலிருந்தே பார்த்துப் பழகியவன். உங்கள் மகளிடம் வகுப்பில் கேட்கப்பட்ட அந்தக் கேள்விக்கும் பள்ளி அலுவலகத்தில் இருக்கும் ஒரு வரவுத் தாளுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. அதை விளக்கினால் யாரிடம் என்ன பேச வேண்டும் என்பது உங்களுக்கே தெளிவாகிவிடும்.

அரசு நிதியில் நடக்கும் பள்ளிக்கு வரும் மானியத்தில் பெரும்பகுதி சம்பளத்துக்கே போய்விடும். மிச்சத்தில்தான் மின்சாரம், தண்ணீர், துப்புரவு, அச்சு மை, உடைந்த பூட்டு எல்லாம். மானியம் தவணை தவணையாக வரும், மின்கட்டண ரசீதோ மாதாமாதம் வந்துவிடும். அதோடு, ஒரு தலைப்பில் வந்த பணத்தை இன்னொரு தலைப்பில் செலவு செய்ய முடியாது. மேசை வாங்க வந்த பணம் வங்கியில் கிடக்கும், கழிப்பறைக் குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கும். அந்தப் பணத்தைத் தொட்டால் தணிக்கையில் நானே ஆட்சேபம் எழுதுவேன். இந்த நெருக்கடியில் தலைமையாசிரியர் ஓரளவு தாராளமாகச் செலவு செய்யக்கூடிய ஒரே பணம் பெற்றோர் தருவதுதான். ஆகவே அவர் கேட்பதில் பேராசை எதுவும் இல்லை. பெரும்பாலான பள்ளிகளில் உண்மையான தேவை இருக்கிறது. இதை நான் சொல்லாமல் போனால் அவர்களுக்கு அநியாயம் செய்தவன் ஆவேன்.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. ஆண்டுத் திட்டம் போடும்போது பற்றாக்குறை எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். அதை மாணவர் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு வந்த தாளில் அச்சாகியிருக்கும் தொகை பெரும்பாலும் அப்படிக் கிடைத்ததுதான். கேட்பதற்கு நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அப்படி வகுத்த உடனேயே, எல்லாப் பெற்றோரும் முழுத் தொகையையும் கட்டுவார்கள் என்று வைத்து வரவுப் பக்கத்தை எழுதியாகிவிட்டது. ஒரு குடும்பம் கட்டாவிட்டால் அந்த இடத்தில் ஓட்டை விழும். அந்த ஓட்டையை அடைக்க அலுவலக எழுத்தருக்கு ஒரு பெயர்ப் பட்டியல் தேவைப்படுகிறது. பட்டியலில் ‘பாக்கி’ என்று ஒரு கட்டம் முளைக்கிறது. அது வகுப்பாசிரியர் கைக்குப் போகிறது, அவர் பிள்ளையிடம் கேட்கிறார். உங்கள் மகளிடம் கேட்ட ஆசிரியர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. தன்னிடம் வந்த பட்டியலை முடித்துக் கொடுக்க நினைத்திருப்பார், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பட்டியல் அவரிடம் வந்திருக்கவே கூடாது.

கணக்கு வழக்கில் நிலுவை என்றால் சட்டப்படி வரவேண்டிய பணம். யாரோ தர ஒப்புக்கொண்டது, இன்னும் தரவில்லை. நன்கொடை கைக்கு வந்த பிறகுதான் வரவு. அதற்கு முன் அது எந்தப் பேரேட்டிலும் கிடையாது. உங்கள் பள்ளி ‘நிலுவை’ என்று நினைவூட்டல் அனுப்பியிருக்கிறது என்றால், அலுவலகத்தில் அதை நன்கொடையாக யாரும் நடத்தவில்லை, கட்டணமாகவே நடத்துகிறார்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸாப்பில் வந்த பட்டியலையும் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். சண்டைக்கு இல்லை. நாளை தலைமையாசிரியரிடம் பேசும்போது ‘அப்படி எதுவும் இல்லையே அம்மா’ என்ற பதில் வந்தால், காட்டுவதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் நாடுகளுக்கிடையே ஒற்றுமை அதிகம். 1948-ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தில் 26-ஆவது பிரிவு, தொடக்கக் கல்வியாவது இலவசமாக இருக்க வேண்டும் என்கிறது. 1966-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையும் இதையே இன்னும் அழுத்தமாகச் சொல்கிறது. அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 1999-இல் வெளியிட்ட 11-ஆவது பொதுக் கருத்துரையில் உங்கள் பிரச்சினையே எழுதப்பட்டிருக்கிறது. இலவசக் கல்விக்கு இடையூறாக இருக்கும் மறைமுகச் செலவுகளைப் பற்றிச் சொல்லும் இடத்தில், பெற்றோரிடம் வாங்கப்படும் கட்டாய வசூல்களையும் அது சேர்க்கிறது. சில இடங்களில் இவை விருப்பத்தின் பேரில் தரப்படுபவை என்று காட்டப்படுகின்றன, உண்மையில் அப்படி இல்லை என்றும் அங்கேயே குறிப்பிடுகிறது. அதாவது, உங்கள் வீட்டுக்கு வந்த தாளைப் போன்றவை உலகம் முழுக்க வந்துகொண்டிருந்தன என்பது அந்தக் குழுவுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

பள்ளி நன்கொடை கேட்பதையே பெரும்பாலான நாடுகள் தடை செய்வதில்லை. எப்படிக் கேட்கிறது என்பதில்தான் வரம்பு. இங்கிலாந்தில் 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 460-ஆவது பிரிவு, பெற்றோரிடம் விருப்பப் பங்களிப்பு கேட்கும் பள்ளி இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்கிறது: கொடுக்க வேண்டிய கடமை எதுவும் இல்லை, கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பிள்ளை வேறுவிதமாக நடத்தப்படாது. அயர்லாந்தின் 2018-ஆம் ஆண்டுச் சேர்க்கைச் சட்டப்படி, கட்டணப் பள்ளிகள் போன்ற சில விதிவிலக்குகள் நீங்கலாக, பிள்ளையைச் சேர்ப்பதற்கோ தொடர்ந்து படிக்க வைப்பதற்கோ பணம் கேட்கக் கூடாது. இந்தியாவின் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சேர்க்கையின்போது வாங்கும் நன்கொடையைத் தடுக்கிறது. பள்ளி அறிவித்த கட்டணத்துக்கு மேல் எந்தப் பெயரில் வாங்கினாலும் அது நன்கொடைதான் என்று வரையறுக்கிறது. மீறினால் வாங்கிய தொகையைப் போலப் பத்து மடங்கு வரை அபராதம். தென்னாப்பிரிக்காவில் வழி வேறு. கட்டணம் வாங்கும் அரசுப் பள்ளிகளில் அந்தக் கட்டணத்தைப் பெற்றோர் கூட்டமே பெரும்பான்மையோடு தீர்மானிக்கிறது, முடியாதவர்களுக்கு விலக்கும் சட்டத்திலேயே இருக்கிறது, கட்டவில்லை என்பதற்காகப் பிள்ளையை வெளியே நிறுத்த முடியாது. எனக்கு இந்த முறை ஒரு விதத்தில் பிடிக்கும். கட்டணம் என்றால் கட்டணம் என்றே சொல்லிவிடுகிறார்கள், முடியாதவர் விலக்குக் கேட்பது அங்கே உரிமை.

இந்தச் சட்டங்களைத் தலைமையாசிரியரிடம் போய் ஒப்பிக்கச் சொல்லவில்லை. கட்டாமல் இருக்கலாமா என்று கேட்டீர்கள், இருக்கலாம். கொஞ்சம் மட்டும் கொடுக்கலாமா என்றால், தாராளமாக. தாளில் அச்சிட்டிருப்பது பள்ளியின் விருப்பம். உங்களால் முடிந்தது பத்தில் ஒரு பங்கு என்றால் அதைக் கொடுங்கள், மாதாமாதம் சிறு தொகையாகக் கொடுக்க முடிந்தால் அப்படிக் கொடுங்கள். இந்த ஆண்டு ஒன்றும் முடியாது என்றால் ஒன்றும் கொடுக்காதீர்கள். போன ஆண்டுகளில் முழுத் தொகை கட்டியது இந்த ஆண்டுக்கு எந்தக் கட்டாயத்தையும் உண்டாக்காது. சில தாய்மார்கள், பணம் தர முடியாததற்குப் பதிலாகப் பள்ளியில் சனிக்கிழமை வேலை செய்து தருகிறேன் என்று தாங்களாகவே போய் நிற்கிறார்கள். உங்களுக்கு விருப்பமும் நேரமும் இருந்து, அந்தப் பள்ளியின் மேல் உள்ள அன்பினால் செய்தால் நல்லது. கடனை அடைப்பதுபோல் செய்யாதீர்கள். கடனே இல்லை.

அந்தத் தாளை எடுத்து ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். பல பள்ளிகள் ஒரே தாளில் நான்கைந்து விஷயங்களைச் சேர்த்துக் கடைசியில் ஒரு கூட்டுத்தொகை போட்டுவிடுகின்றன. விபத்துக் காப்பீடு, பயிற்சித்தாள் அச்சுச் செலவு, மாலை நேர இசை வகுப்பு, கூடவே நன்கொடை. இவை வேறு வேறு. இசை வகுப்பு வேண்டும் என்று நீங்களே சேர்த்திருந்தால் அதற்குரிய பணத்தைக் கட்டித்தான் ஆக வேண்டும், அது நீங்கள் கேட்டு வாங்கிய சேவை. நன்கொடையை அதிலிருந்து பிரித்துக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. பிரித்த பிறகு பார்த்தால் உண்மையில் கட்ட வேண்டியது சிறிய தொகையாகவே இருக்கக்கூடும். பிள்ளையின் பெயரும் வகுப்பும் எழுதும் இடம் நன்கொடைப் படிவத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ரசீதுக்குக் கொடுப்பவர் பெயர் போதும். பிள்ளையின் பெயரைக் கேட்கும் படிவம் பட்டியல் போடுவதற்காகவே தயாரான படிவம்.

எந்தக் கணக்குக்குப் பணம் போகிறது என்பதும் முக்கியம். பள்ளியின் கணக்கா, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கணக்கா, இலங்கை வாசகர்கள் சொல்லும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கா? எதுவானாலும் சரி, அதற்கு ஒரு பொருளாளர், ஒரு ரசீதுப் புத்தகம், ஆண்டுக்கு ஒருமுறை பெற்றோர் முன் வைக்கப்படும் வரவு செலவு அறிக்கை இருக்க வேண்டும். ரொக்கமாக யார் கையிலும் கொடுக்காதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். நான் பார்த்த கணக்குகளில் பணம் காணாமல் போன இடங்களைவிட, பணம் எங்கே போனது என்று காட்ட முடியாமல் நேர்மையான மனிதர்கள் தலைகுனிந்து நின்ற இடங்களே அதிகம். காரணம், உறையில் வந்த ரொக்கத்தை மேசை இழுப்பறையில் வைத்து, அவசரத்துக்கு அதிலிருந்து எடுத்துத் துடைப்பம் வாங்கியிருப்பார்கள். ரசீது கேட்பது அவர்களையும் காப்பாற்றும்.

ரசீதுக்கு இன்னொரு பயன் உண்டு. பல நாடுகளில் நன்கொடைக்கு வரிச் சலுகை இருக்கிறது. நியூசிலாந்தில் பள்ளிக்குத் தரும் நன்கொடையில் மூன்றில் ஒரு பங்கை வரித் துறையிடமிருந்து திரும்பப் பெறலாம். பிரிட்டனில் பதிவு பெற்ற அறக்கட்டளையாக நடக்கும் பெற்றோர் சங்கத்துக்கு வருமான வரி கட்டுபவர் ஒரு பவுண்டு தந்தால், சங்கம் அரசிடமிருந்து மேலும் 25 பென்ஸ் கேட்டுப் பெறலாம். ஆனால் வரித் துறை நன்கொடை என்று ஏற்றுக்கொள்வது கைம்மாறு இல்லாமல் தந்த பணத்தைத்தான். பிள்ளைக்கு இடம் கிடைத்ததற்கோ, மதிப்பெண் அட்டையைத் தருவதற்கோ பதிலாக வாங்கிய பணத்துக்கு ‘நன்கொடை’ என்று ரசீது போட்டால் அந்த ரசீதே பொய். தலைமையாசிரியர்களிடம் நான் இதைச் சொல்லும்போது கவனமாகக் கேட்கிறார்கள். கையெழுத்து அவர்களுடையது அல்லவா?

இனி, பிள்ளைகளை ஒதுக்கிவிடுவார்களோ என்ற உங்கள் கணவரின் கேள்வி. வெளிப்படையாகச் செய்ய எந்தப் பள்ளியும் துணியாது. பயப்பட வேண்டியது சின்னச் சின்ன விஷயங்களுக்குத்தான். கட்டியவர்களின் பிள்ளைகளுக்கு முதல் நாளே நாட்குறிப்புப் புத்தகம், மற்றவர்களுக்கு ‘வந்ததும் தருகிறோம்’. கட்டியவர்களின் பிள்ளைகளுக்குப் புத்தகம் வைக்கும் பெட்டகத்தின் சாவி, மற்றவர்களுக்கு இல்லை. மதிப்பெண் அட்டை வாங்க வரும்போது ‘அலுவலகத்தில் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வாருங்கள்’. இதில் எதுவுமே நன்கொடையோடு கட்டப்படக் கூடாதது. பாடப்புத்தகம், தேர்வு, மதிப்பெண் அட்டை, மாற்றுச் சான்றிதழ், வகுப்பில் இருக்கை, பள்ளி நேரத்தில் நடக்கும் எந்தச் செயல்பாடும் கொடுத்தவர் கொடுக்காதவர் என்று பார்த்துத் தரப்பட்டால் உடனே எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் கேட்டால் வாய்ப்பேச்சிலேயே சமாதானம் சொல்லி அனுப்பிவிடுவார்கள். சுற்றுலா மட்டும் கொஞ்சம் வேறு. போதுமான பணம் சேரவில்லை என்றால் இங்கிலாந்துப் பள்ளி சுற்றுலாவையே ரத்து செய்யலாம், ஆனால் பணம் தராத பெற்றோரின் பிள்ளையை மட்டும் விட்டுவிட்டுப் போகக் கூடாது. இந்த வரையறை எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது. குறை வந்தால் எல்லோருக்கும் வரட்டும்.

தலைமையாசிரியருக்கு ஒரு சிறு கடிதம் எழுதுங்கள். நேரில் போய்ப் பேசுவதானாலும் கடிதத்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பேசுங்கள். உங்கள் வீட்டு நிலைமையை விவரிக்க வேண்டியதே இல்லை. சம்பளச் சீட்டு, வேலையிட விவரம் எதுவும் வேண்டாம், விருப்பத்தின் பேரில் தருவதைத் தராததற்கு யாரும் காரணம் காட்ட வேண்டியதில்லை. இப்படி எழுதினால் போதும்:

“மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு, வணக்கம். பெற்றோர் விருப்ப நன்கொடை குறித்த உங்கள் தாளும் நினைவூட்டலும் கிடைத்தன. இந்த ஆண்டு எங்களால் அந்தத் தொகையைத் தர இயலாது. அடுத்த ஆண்டு இயன்றால் மகிழ்ச்சியோடு தருவோம். இது தொடர்பாக என் மகளிடம் வகுப்பில் மற்ற மாணவர்கள் முன்னிலையில் கேட்கப்பட்டிருக்கிறது. கட்டியவர்களின் பெயர்ப் பட்டியலும் வகுப்புக் குழுவில் பகிரப்பட்டிருக்கிறது. இனி இது பற்றிப் பெற்றோரிடம் மட்டும் பேசும்படியும், பெயர்ப் பட்டியல் வெளியில் போகாதபடி பார்த்துக்கொள்ளும்படியும் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பிள்ளைகள் மீது ஆசிரியர்கள் காட்டும் அக்கறைக்கு நன்றி.”

கடைசி வரியை மரியாதைக்காகச் சேர்த்ததாக நினைக்காதீர்கள். நல்ல ஆசிரியர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதை அவர்களிடமும் சொல்லலாம். நகல் ஒன்றைத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம், பத்து நாள் பொறுங்கள். பதிலும் இல்லை, பழையபடியே நடக்கிறது என்றால் பள்ளி நிர்வாகக் குழுவுக்கும், அதற்கும் பலன் இல்லை என்றால் கல்வித் துறைக்கும் அந்த நகலோடு எழுதலாம். பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகாது. எழுத்தில் ஒரு கடிதம் கோப்பில் ஏறியதுமே பல விஷயங்கள் தானாகச் சரியாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

வாட்ஸாப் குழுவில் எதுவும் எழுத வேண்டாம். பட்டியல் போட்ட அந்தப் பெற்றோருக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள்: “பட்டியலை எடுத்துவிட முடியுமா? சில வீடுகளில் இந்த ஆண்டு கஷ்டம் இருக்கலாம்.” அவ்வளவே. அவர் உதவி செய்வதாக நினைத்துத்தான் செய்திருப்பார். அப்புறம், அந்தக் குழுவில் டிக் இல்லாத பெயர் உங்களுடையது மட்டுமாக இருக்காது. உங்களைப் போலவே யாரோ ஒருவர் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு போனை மூடி வைத்திருப்பார்.

பள்ளி நடத்துபவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் சொல்கிறேன். நன்கொடை கேளுங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். ஆனால் யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பது ரசீது போடும் ஒருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாதபடி வாங்குங்கள். என் அனுபவத்தில் இதைவிடச் சிறந்த அளவுகோல் கிடையாது. வகுப்பாசிரியருக்குத் தெரிகிறது என்றால், தாளில் என்ன அச்சிட்டிருந்தாலும் அது விருப்ப நன்கொடை இல்லை. செய்வதும் கடினம் இல்லை. எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி உறை அனுப்புங்கள். பணம் வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒட்டித் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள், ரசீது வேண்டும் என்பவர் மட்டும் உள்ளே பெயரும் முகவரியும் எழுதிய சீட்டு வைக்கட்டும். உறைகள் சேரும் பெட்டியை நிர்வாகக் குழுவில் இரண்டு பேர் சேர்ந்து திறந்து எண்ணிக் கையெழுத்துப் போடட்டும். வங்கி வழியாக வாங்கினால் இன்னும் எளிது, அந்த விவரத்தைப் பொருளாளர் மட்டும் பார்க்க வேண்டும். தாளில் தொகையை அச்சிடாதீர்கள். ‘நூலகத்தில் கூரை ஒழுகுகிறது, சரிசெய்ய இவ்வளவு ஆகும், இதுவரை இவ்வளவு சேர்ந்திருக்கிறது’ என்று எழுதுங்கள். பிள்ளைக்கு இவ்வளவு என்று கேட்பதைவிட, எதற்கு என்று சொல்லிக் கேட்கும்போது வசதியுள்ளவர்கள் கூடுதலாகவே தருகிறார்கள்.

இப்படிச் செய்தால் வசூல் குறையும் என்பார்கள். குறையலாம். ஆனால் குறையும் அந்தப் பணம் எது? உங்களைப் போன்ற வீடுகள் மளிகையைக் குறைத்தும் கடன் வாங்கியும் கட்டிக்கொண்டிருந்த பணம். அது இல்லாமல் பள்ளி நடக்காது என்றால், அரசு மானியம் போதவில்லை என்று அர்த்தம். அந்த உண்மை மானியம் தரும் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பெற்றோரை நெருக்கி வாங்கி அந்த ஓட்டையை ஒவ்வோர் ஆண்டும் மூடி வைப்பதால், மேலே இருப்பவர்களின் கண்ணில் எல்லாம் சரியாக நடப்பதாகவே படுகிறது. என்னிடம் வரும் கணக்குகளிலும் வரவும் செலவும் சமமாகத்தான் இருக்கின்றன, யார் வயிற்றைக் கட்டிச் சமமாக்கினார்கள் என்பது எந்தப் பக்கத்திலும் வருவதில்லை. போதாததற்கு, வசதியானவர்கள் வாழும் பகுதியில் உள்ள பள்ளிக்கு நன்கொடை கொட்டும், அதிகம் தேவைப்படும் பள்ளிக்குச் சொட்டுக்கூட வராது. நியூசிலாந்து அரசு 2020 முதல் ஒரு வழி கண்டது. வசதி குறைந்த சமூகங்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள் பெற்றோரிடம் நன்கொடை கேட்பதில்லை என்று ஒப்புக்கொண்டால், மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று (தொடங்கியபோது 150 நியூசிலாந்து டாலர்) அரசே தந்துவிடும், இரவு தங்கும் முகாம் போன்றவற்றுக்கு மட்டும் கேட்கலாம். குறையில்லாத திட்டம் என்று சொல்லமாட்டேன். ஆனால் சுமை எங்கே இருக்க வேண்டுமோ அங்கே அதைத் திருப்பி வைத்திருக்கிறார்கள்.

உங்கள் மகளைப் பற்றி. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு எல்லாம் புரியும், மறைக்க வேண்டாம். “பள்ளி உதவி கேட்டது, இந்த வருஷம் நம்மால் முடியவில்லை, அம்மா தலைமையாசிரியருக்கு எழுதிவிட்டேன். இனி யாராவது கேட்டால் ‘அம்மாவிடம் பேசுங்கள்’ என்று சொல்லிவிடு” என்று சொல்லுங்கள். பதில் சொல்லும் பொறுப்பு தன்னுடையது இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டால் பாதி பாரம் இறங்கிவிடும். பணத்தையோ உறையையோ அவள் கையில் கொடுத்தனுப்பாதீர்கள், அடுத்த ஆண்டு நீங்கள் கொடுக்கும் நிலைமை வந்தாலும்.

பெற்றோர் கூட்டம் எப்போது என்று அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கொஞ்ச நாள் முன்பே போன ஆண்டு நன்கொடைக் கணக்கின் வரவு செலவு அறிக்கையில் ஒரு நகல் கேளுங்கள். மொத்த வரவு, எந்தெந்தத் தலைப்பில் செலவு, கையிருப்பு எவ்வளவு என்று இருந்தால் போதும், கொடுத்தவர்களின் பெயர் அதில் இருக்கக் கூடாது. வாங்கி அனுப்பினால் நான் பார்த்து, கூட்டத்தில் என்ன கேட்கலாம் என்று எழுதுகிறேன். உங்கள் பெயரையும் பள்ளியின் பெயரையும் அடித்துவிட்டே அனுப்புங்கள், எனக்கு எண்கள் மட்டும் போதும்.